வெள்ளவத்தையில் சைக்கிளுக்கு இடம் கேட்டோம்

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம், ரியூசன், கோயில், சந்தை என்று எல்லாவற்றுக்கும் சைக்கிளில் போய் வளர்ந்த பெண்கள் நாங்கள். யுத்த காலத்தில் பெற்றோல் தடை இருந்தபோது ஊரே சைக்கிளில்தான் ஓடியது. அதே ஆக்கள் கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட் எடுத்ததும் சைக்கிளை மறந்துவிடுகிறோம். காலி வீதியில் 100-ஆம் இலக்க பஸ்ஸும் 101-ஆம் இலக்க பஸ்ஸும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வருவதைப் பார்த்தால் மறக்காமல் என்ன செய்வது?

2022-இல் அந்த மறதி கொஞ்சம் கலைந்தது. ஜூன் கடைசியில் ஒக்டேன் 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். காசு இருந்தவர்களுக்கும் கிடைக்கவில்லை. ஷெட்டுக்கு முன்னால் வாகனங்கள் நாள்கணக்கில் நின்றன. சைக்கிள் விலை கண்டபடி ஏறியது. பல்கனியில் துருப்பிடித்துக் கிடந்ததையெல்லாம் இறக்கித் துடைத்து, ரியூப் மாற்றி, ஆக்கள் வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். வாகனத்துக்கு இவ்வளவு என்று பங்கிட்டுக் கொடுக்கும் கியூ.ஆர். முறை வந்து எரிபொருள் ஒழுங்காகக் கிடைக்கத் தொடங்கியதும் பெரும்பாலான சைக்கிள்கள் திரும்பவும் பல்கனிக்குப் போய்விட்டன. எங்கள் பக்கத்தில் சிலர் மட்டும் விடவில்லை. வங்கியில் வேலை செய்யும் ஒரு தம்பி, ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் அண்ணா, ஓய்வுபெற்ற ஒரு சிங்கள ரீச்சர், உயர்தரம் படிக்கும் இரண்டு பிள்ளைகள், நான். இந்தக் கூட்டம்தான் பிறகு வீதியில் சைக்கிளுக்கு இடம் கேட்டு அலையத் தொடங்கியது. அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். கொழும்பில் வேறு இடத்தில் யாராவது இதையே செய்ய நினைத்தால் கொஞ்சமாவது உதவும்.

முதலில் எண்ணுங்கள். எங்கள் வட்டத்துக்குள்ளேயே "இங்கை ஆர் அக்கா சைக்கிள் ஓடுறது, நாங்கள் ஒரு நாலு பேர்" என்று சொன்னவர்கள் இருந்தார்கள். விடியப்புறம் ஐந்தரை மணிக்கு ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு லேன் முனையில் நின்று பார்த்தால் கதை வேறு. இரவு வேலை முடித்துப் போகும் காவலாளிகளும் பகல் வேலைக்கு வரும் காவலாளிகளும் அந்த நேரத்தில்தான் மாறுகிறார்கள். அதில் நிறையப் பேர் சைக்கிள். மேசன் வேலைக்குப் போகிறவர்கள், கரியரில் கரண்டியும் மட்டப் பலகையும். லொத்தர் சீட்டு விற்கும் ஐயா, முன்னால் கட்டிய பலகைப் பெட்டியோடு. வீட்டு வேலைக்கு வரும் அக்காமார் ஒரு சிலர். கடையிலிருந்து சாமான் கொண்டு போய்க் கொடுக்கும் பெடியள். எட்டு மணிக்குப் பிறகு வீதிக்கு வருகிற எங்களுக்கு இவர்களைத் தெரியாது, அவ்வளவுதான். கொப்பியில் நாலு நிரல் போதும்: ஆண், பெண், பிள்ளை, சுமையோடு போகிறவர். எந்தப் பக்கம் போகிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வேலை நாள், ஒரு சனிக்கிழமை, ஒரு மழை நாள் எண்ணினால் கந்தோரில் யாரும் "இங்கே சைக்கிள் ஓடுவாரில்லை" என்று சொல்ல முடியாது. நாங்கள் கொடுத்த கடதாசிகளிலேயே ஆக அதிக நேரம் வாசிக்கப்பட்டது இந்த எண்ணிக்கைத் தாள்தான்.

எண்ணும்போது ஆக்களோடு கதையுங்கள். லொத்தர் ஐயாவிடம் "உங்களுக்கு என்ன வேணும் ஐயா, தனிப் பாதையா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "பாதை என்னத்துக்கு மகள், அந்தக் கான் மூடியை முதல்ல சரி பண்ணச் சொல்லுங்க."

அந்தக் கான் மூடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வீதியின் இடது ஓரத்தில் மழைத்தண்ணீர் இறங்குவதற்கு இரும்புக் கம்பி மூடி போட்டிருப்பார்கள். கம்பிகள் வீதியின் குறுக்காக இருந்தால் சைக்கிள் டயர் கடகடவென்று மேலே ஏறிப் போய்விடும். வீதி போகும் திசையிலேயே நீளவாக்கில் இருந்தால் முன் சில்லு அப்படியே இடைவெளிக்குள் இறங்கிப் பூட்டிக்கொள்ளும். ஓட்டுகிறவர் ஹாண்டிலுக்கு மேலால் பறப்பார். எங்கள் மூடி இரண்டாவது வகை. போதாததற்கு ஒரு கம்பி கழன்றும் போயிருந்தது. பள்ளிக்கூட அடிமட்டத்தை இடைவெளியில் வைத்து, பக்கத்தில் என் பழைய லுமாலா சைக்கிளின் டயரை நிறுத்திப் படம் எடுத்தோம். டயர் உள்ளே போகிற படம் ஒன்று, மூடி இருக்கும் இடம் தெரிய எதிர்க் கடையின் பெயர்ப் பலகையோடு இன்னொன்று. கடிதம் அரைப் பக்கம்தான். மூடியைத் தொண்ணூறு பாகை திருப்பிப் போடுங்கள். முடியாவிட்டால் குறுக்காக மூன்று தட்டைக் கம்பி ஒட்டிவிடுங்கள், இவ்வளவுதான் எழுதினோம். கொஞ்ச நாளில் காலையில் போய்ப் பார்த்தால் குறுக்குக் கம்பி ஒட்டியிருக்கிறது. வெல்டிங் சுத்தமில்லை. ஆனால் சில்லு இறங்காது. லொத்தர் ஐயா அதற்குப் பிறகு எங்கள் ஆள்.

எங்கள் குழுவில் எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை. கான் மூடிக்கெல்லாம் கடிதம் எழுதுவதா, காலி வீதியில் தெஹிவளை முதல் கோட்டை வரை பாதுகாப்பான தனிப் பாதை கேட்போம் என்று வங்கித் தம்பி பிடிவாதமாக நின்றான். கேட்பதில் தப்பில்லை. ஆனால் அதைத் தீர்மானிக்கக்கூடிய ஆளை நாங்கள் சந்திக்கவே மாட்டோம். அது அமைச்சு மட்டத்தில் போகும் விஷயம். கான் மூடியைச் சரிசெய்யும் தொழில்நுட்ப உத்தியோகத்தரை நேரில் சந்திக்கலாம், கைக்காசு மாதிரி அவரிடம் பராமரிப்புக்கென்று ஒரு சின்ன ஒதுக்கீடும் இருக்கும். கடிதத்தை வாசிக்கிற ஆளின் கைக்குள் இருக்கிற வேலையைக் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. வங்கித் தம்பி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

அப்புறம், வீதி யாருடையது என்று தெரியாமல் ஒரு கடிதமும் எழுதாதீர்கள். A, B வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. காலி வீதி A2, ஆகவே மாநகர சபையிடம் போய் அதைப் பற்றி அழுது பயனில்லை. மாநகர எல்லைக்குள் இருக்கும் லேன்களும் உள்வீதிகளும் பெரும்பாலும் மாநகர சபையுடையவை. வெள்ளவத்தையைத் தாண்டித் தெஹிவளைக்குள் போனால் சபையே மாறிவிடுகிறது. அது தெஹிவளை - கல்கிசை மாநகர சபை. மரைன் டிரைவுக்கும் கடலுக்கும் நடுவில் தண்டவாளம். அந்த நிலம் புகையிரதத் திணைக்களத்துடையது. தனியார் பஸ் தரிப்பில் பஸ் எப்படி ஒதுங்க வேண்டும் என்று கேட்பதானால் மேல் மாகாணப் போக்குவரத்து அதிகார சபையும் பொலிஸும். கால்வாய்க் கரை என்றால் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம். ஒரு கிலோமீற்றர் சைக்கிள் ஓடுவதற்குள் இத்தனை கந்தோர். எங்கள் சிங்கள ரீச்சர் ஒரு பெரிய கடதாசியில் வெள்ளவத்தை வரைபடத்தை வரைந்து ஒவ்வொரு வீதிக்கும் ஒரு நிறம் தீட்டினார். அதன் பிறகுதான் கடிதங்கள் சரியான மேசைக்குப் போகத் தொடங்கின.

கால்வாய்க் கரையைப் பற்றி ஒரு வார்த்தை. கொழும்பு பெருநகர அபிவிருத்தித் திட்டம் என்று உலக வங்கிக் கடனில் வெள்ளத்தடுப்பு வேலைகள் நடந்தபோது சில கால்வாய்க் கரைகளில் நல்ல நடைபாதைகள் போட்டார்கள். வாகனம் இல்லை, நிழல் உண்டு, மேடு பள்ளம் இல்லை. கொழும்பில் சைக்கிளுக்குப் பொருத்தமான இடம் இதைவிட இருக்க முடியாது. தடைப்படுவது கரை வந்து பெரிய வீதியில் முட்டும் இடத்தில். அங்கே மஞ்சள் கடவை இருக்காது, படி இருக்கும், அல்லது பாதை மூடிக் கிடக்கும். புதிதாகப் பாதை போடச் சொல்லிக் கேட்பதைவிட, இரண்டு படியை உடைத்துச் சரிவாக்கச் சொல்லிக் கேட்பது சுலபம்.

மொழி விஷயம். தமிழில் கடிதம் கொடுக்கவும் தமிழில் பதில் பெறவும் எங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. நான் தமிழில்தான் எழுதுவேன். ஆனால் கூடவே ரீச்சர் எழுதிய சிங்களப் பிரதியையும் இணைப்பேன். தமிழ்க் கடிதம் மட்டும் போனால் அது மொழிபெயர்ப்புக்கென்று ஒரு கோப்புக்குள் போய்விடும், அந்தக் கோப்பு எப்போது வெளியே வரும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். ஒரு கந்தோரில் இளம் உத்தியோகத்தர் ஒருவர் சிங்களப் பிரதியை வாசித்துவிட்டு, தமிழ்ப் பிரதியைப் பார்த்து "மிஸ், இதையும் வைக்கவா?" என்று கேட்டார். "ஓம், இதுதான் மூலப் பிரதி, அது மொழிபெயர்ப்பு" என்றேன். அவருக்குச் சிரிப்பு. இரண்டிலும் சீல் அடித்துத் தந்தார். பிரதியில் திகதி முத்திரையும் கையொப்பமும் வாங்காமல் எந்தக் கந்தோரிலிருந்தும் எழும்பி வரக் கூடாது. "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் போங்கள்" என்பார்கள். முத்திரை வாங்கிக்கொண்டே போங்கள்.

கையெழுத்து வேட்டைக்குப் போனபோது வேறொரு விஷயம் புரிந்தது. எங்கள் பெட்டிசத்தில் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், கையொப்பம் என்று நாலு கட்டம் போட்டிருந்தோம், வழக்கமாகப் போடுவதுதான். ஆக்கள் நல்லபடி வரவேற்று, தேத்தண்ணி தந்து, எல்லாம் சரி பிள்ளை என்று சொல்லி, பேனையை மட்டும் தொடவில்லை. ஒரு வயதான அம்மா கதவடியில் வைத்துச் சொன்னார்: "ஐ.சி. நம்பரும் அட்ரஸும் எழுதி அரசாங்கத்துக்குக் குடுக்கிறதோ? நாங்கள் பொலிஸ் பதிவுக்கு எழுதினது காணும் பிள்ளை." யுத்த காலத்தில் கொழும்பில் தமிழர் வீட்டில் யார் தங்கினாலும் பொலிஸில் பதிய வேண்டியிருந்ததை அனுபவித்தவர்களுக்குக் கட்டம் போட்ட தாள் என்றாலே வயிற்றைக் கலக்கும். சைக்கிளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று வாதாடுவதில் பயனில்லை. அடையாள அட்டைக் கட்டத்தை எடுத்துவிட்டோம். வீட்டு இலக்கம் வேண்டாம், லேன் பெயர் போதும் என்றோம். பெட்டிசத்துக்கு அதெல்லாம் சட்டப்படி தேவையும் இல்லை. அதன் பிறகு தாள்கள் நிரம்பின. அந்த அம்மாவும் போட்டார், பெயரின் முதலெழுத்துகளை மட்டும்.

தகவலறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கச் சட்டம். 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இலங்கைப் பிரசை யாரும் கேட்கலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு பொது அதிகார சபையிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கும் மேலே ஆணைக்குழு. கோபமாக எழுதத் தேவையில்லை, குறுகிய கேள்வியாகக் கேட்க வேண்டும். "ஏன் சைக்கிள் ஓட்டுபவர்களைக் கவனிப்பதில்லை?" என்பது தகவல் இல்லை. இந்த வீதியின் அகலம் எவ்வளவு, கடைசியாக எப்போது காபட் (தார்) போட்டீர்கள், அடுத்து எந்த ஆண்டுத் திட்டத்தில் இருக்கிறது, வாகனத் தரிப்புக் கட்டணம் அறவிட யாருக்கு அனுமதி, அந்த அனுமதியில் எத்தனை தரிப்பிடம் என்று குறிப்பிட்டிருக்கிறது. இவை தகவல்.

கடைசி இரண்டு கேள்விகளும் முக்கியம். சைக்கிளுக்கு இடம் கேட்பது என்றால், கொழும்பில் அது வாகனம் நிறுத்துகிற இடத்தைக் கேட்பதுதான். ஏழு மீற்றர் அகலமான ஓர் உள்வீதியை எடுங்கள். இரண்டு பக்கமும் கார் நின்றால் ஆளுக்கு இரண்டு மீற்றர் போய்விடும், மிச்சம் மூன்று. அந்த மூன்று மீற்றருக்குள் போகிற வாகனம், வருகிற வாகனம், ஆட்டோ, சைக்கிள், நடைபாதையில் இடமில்லாமல் இறங்கி நடக்கிறவர்கள். நிற்கிற காரின் கதவு திறந்தால் இன்னும் ஒரு மீற்றர் போய்விடும். கதவில் மோதாமல் ஓட வேண்டுமானால் காரிலிருந்து ஒரு மீற்றருக்கு மேல் விலகி ஓட வேண்டும், அப்படி ஓடினால் பின்னால் வருகிற வான்காரர் ஹோர்ன் அடித்தே காதைச் செவிடாக்குவார். ஒரு வழிச் சைக்கிள் பாதைக்குக் குறைந்தது ஒன்றரை மீற்றர் வேண்டும் என்பது பல நாடுகளின் வழிகாட்டிகளில் இருக்கும் அளவு. நிற்கிற கார்களை எடுக்காமல் அந்த ஒன்றரை மீற்றர் எங்கிருந்து வரும்? வெறுமனே கோடு போட்டுச் சைக்கிள் படம் வரைந்தால் மறுநாளே அது இலவச வாகனத் தரிப்பிடம். அதனால்தான் கோடு கேட்பதில் எனக்கு ஆர்வமில்லை. நட்டுவைத்த கம்பம் கேட்கிறேன்.

இதைச் சொன்னதும் கடைக்காரர்கள் எழும்புவார்கள். எங்கள் குறுக்கு வீதியில் துணிக்கடை முதலாளி ஒருவர் வெளிப்படையாகவே எதிர்த்தார். "அக்கா, என்ட கடைக்கு முன்னுக்கு வாகனம் நிப்பாட்ட ஏலாட்டி யாவாரம் யாரு பார்க்கிறது? நீங்க வந்து பார்ப்பீங்களா?" அவரோடு வாதாடாமல், உயர்தரப் பிள்ளைகள் இருவரையும் அவருடைய கடை வாசலிலேயே, அவருடைய அனுமதியோடு, கதிரை போட்டு இருத்தினோம். அரை மணிக்கொரு தடவை, நிற்கிற ஒவ்வொரு வாகனத்தின் இலக்கத் தகட்டிலும் கடைசி மூன்று இலக்கத்தைக் குறித்துக்கொள்வது மட்டும்தான் வேலை. மாலையில் தாளைப் பார்த்தால் காலையில் நின்ற வாகனங்களில் பெரும்பாலானவை மாலையிலும் அங்கேயே நிற்கின்றன. காலையில் காரை விட்டுவிட்டு ரயிலில் கோட்டைக்குப் போய் மாலையில் வந்து எடுக்கிறவர்கள். பக்கத்துக் கட்டடத்தில் வேலை செய்கிறவர்கள். ஒன்று முதலாளியின் சொந்த வான். அவருடைய வாடிக்கையாளர்கள் நடந்தோ ஆட்டோவிலோ வந்து இறங்கியவர்கள், இல்லாவிட்டால் தரிக்க இடமில்லாமல் சுற்றிச் சுற்றிப் போய்விட்டவர்கள். முதலாளி தாளை இரண்டு தடவை பார்த்தார். "அப்ப என்ட கஸ்டமருக்குத்தான் இடமில்ல" என்றார்.

அவர் சைக்கிள் பிரியராக மாறிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். அவர் கேட்டது ஒரு மணி நேரத்துக்கு மேல் வாகனம் நிற்கக் கூடாது என்ற அறிவித்தல். நாங்கள் கேட்டது சந்தி முனையில் சில மீற்றர் காலி இடம். இரண்டையும் ஒரே மகஜரில் போட்டு, முதலில் அவருடைய கையொப்பத்தை வாங்கினோம். வர்த்தகர்கள் கையொப்பமிட்ட கடதாசிக்கு இருக்கும் மரியாதை சைக்கிள்காரர் கடதாசிக்கு இல்லை; வருத்தமாக இருந்தாலும் அதுதான் நடைமுறை. கிடைத்தது சந்தி முனை மட்டும். அங்கே மஞ்சள் கோடும் நாலு கம்பமும் வந்தன. ஒரு கம்பத்தை யாரோ வளைத்துவிட்டார்கள். ஆனாலும் லேனிலிருந்து வெளியே வரும்போது இப்போது எதிரே வருகிற வாகனம் தெரிகிறது. முன்பு வானின் முதுகுதான் தெரியும். நேர அறிவித்தல் இன்னும் வரவில்லை, முதலாளி என்னைக் காணும்போதெல்லாம் கேட்கிறார்.

வீதி தோண்டுகிற விஷயத்தையும் கவனியுங்கள். தண்ணீர்க் குழாய், தொலைபேசிக் கேபிள், கழிவுநீர் என்று எதற்குத் தோண்டினாலும் இடது ஓரத்தில்தான் தோண்டுவார்கள். மூடியபின் ஒரு மழை பெய்தால் அந்த நீளப் பட்டை கீழே இறங்கிவிடும். கார் சில்லு அதில் படாது, ஆகவே யாரும் முறையிட மாட்டார்கள். சைக்கிள்காரருக்கு அதுதான் பாதை. தோண்டுகிறபோதே வேலைப் பலகையில் இருக்கும் ஒப்பந்தகாரரின் பெயரையும் திகதியையும் படம் எடுத்து வைத்தால், இறங்கிய பிறகு யாரைக் கேட்பது என்று தேடி அலைய வேண்டியதில்லை. அதேபோல வீதிக்குப் புதிதாகக் காபட் போடுகிற நேரம் பொன்னான நேரம். எப்படியும் கோடு போடத்தான் போகிறார்கள். அந்தக் கோட்டை ஒரு மீற்றர் தள்ளிப் போட மேலதிகச் செலவு கிடையாது. காபட் போட்டுக் கோடும் காய்ந்த பிறகு போய்க் கேட்டால், அடுத்த காபட் வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான்.

வேகத்தைப் பற்றிப் பேசும்போது சட்டத்திலிருந்தே தொடங்குங்கள். நகரப் பகுதிகளில் காருக்கு மணிக்கு 50 கிலோமீற்றர், முச்சக்கர வண்டிக்கு 40. பள்ளிக்கூட லேன்களுக்கு 30 கேட்டபோது ஓர் அதிகாரி "இதெல்லாம் வெளிநாட்டுக்குச் சரி" என்றார். 2020 பெப்ரவரியில் ஸ்டொக்ஹோமில் நடந்த உலக வீதிப் பாதுகாப்பு அமைச்சர் மாநாட்டுப் பிரகடனத்தில், நடப்பவர்களும் சைக்கிள்காரரும் வாகனங்களோடு கலக்கும் இடங்களில் உச்ச வேகம் 30 என்று இருக்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கோடு போட்டுக் கொடுத்ததும் குரல் மாறியது. இந்த நாட்டில் ஆண்டுதோறும் 2,000-க்கும் மேற்பட்டவர்கள் வீதி விபத்தில் சாகிறார்கள், அதற்கு அசையாதவர்கள் ஐ.நா. முத்திரை போட்ட கடதாசிக்கு அசைகிறார்கள். சரி, எதற்கு அசைகிறார்களோ அதையே கொடுப்போம்.

எங்களோடு சேர்ந்து நடக்க வந்த இன்னொரு கூட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஞாயிறு காலையில் நல்ல விலையான சைக்கிளில், ஹெல்மெற்றும் இறுக்கமான உடுப்புமாக மரைன் டிரைவில் ஓடுகிறவர்கள். அவர்களுக்கு அரசியல்வாதிகளைத் தெரியும், ஆங்கிலத்தில் அழகாகப் பேசுவார்கள். கொலம்பியாவின் பொகோட்டாவில் 1974-இலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வீதிகளை மூடிச் சைக்கிளுக்கு விடுகிறார்கள், மரைன் டிரைவையும் அப்படி விடவேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. நல்ல கோரிக்கைதான். என் மகளும் சந்தோசமாக ஓடுவாள். ஆனால் திங்கட்கிழமை விடிய ஐந்தரைக்கு வேலைக்குப் போகும் காவலாளிக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. கூட்டங்களில் பேசுவது அவர்கள், வீதியில் அடிபடுவது இவர்கள் என்று ஆகிவிடக் கூடாது என்பதால், எந்தச் சந்திப்புக்குப் போனாலும் தினமும் வேலைக்கு ஓடுகிற ஒருவரையாவது கூட்டிப் போவது என்று முடிவெடுத்தோம். அவர் ஒரு நாள் கூலியை இழக்கிறார் என்றால் அதை நாங்கள் சேர்த்துக் கொடுப்போம். அவர்கள் பேசினால் இரண்டு வசனம்தான் பேசுவார்கள். மேசன் வேலை செய்யும் ஒரு அண்ணா, பஸ் ஹோல்ற்றுக்கு இடதுபக்கமாக வெட்டி வருகிற பஸ்ஸுக்கும் கானுக்கும் நடுவில் தான் எப்படி மாட்டுப்பட்டார் என்று கைகளால் காட்டிச் சொன்னபோது, எங்கள் வரைபடங்களையெல்லாம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பெண்களுக்கு வேறு கணக்கு. வெளிச்சம் இல்லாத வீதியில் ஆறரைக்குப் பிறகு ரியூசன் விட்டுப் பிள்ளையைச் சைக்கிளில் வரவிட எந்தத் தாயும் சம்மதிக்க மாட்டாள், பாதை எவ்வளவு அகலமாக இருந்தாலும். ஆகவே எங்கள் பட்டியலில் எரியாத தெருவிளக்குகளின் கம்ப இலக்கங்களும் இருந்தன. ஆண்கள் மட்டும் எழுதியிருந்தால் அது வந்திருக்காது.

அரசியலைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் வேண்டாம். 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்த பிறகு தேர்தல் தள்ளிப்போய், 2025 மே 6-இல்தான் நடந்தது. நடுவில் சபையில் மக்கள் பிரதிநிதியே இல்லை; அதிகாரிகள்தான் நடத்தினார்கள். அந்தக் காலத்தில் உத்தியோகத்தர்களை நேரே போய்ப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை, அதுவே எங்களுக்குப் பழகிவிட்டது. தேர்தல் வந்தபோது வாக்குக் கேட்டு லேனுக்கு வந்த எல்லாக் கட்சிக்காரரிடமும் ஒரே தாளைக் கொடுத்தோம், மூன்று வேலைகள், மூன்று இடங்கள், படங்களோடு. எந்த மேடையிலும் ஏறவில்லை. வென்றவர்களிடம் இப்போது அதே தாளின் பிரதியோடு போகலாம். சபையின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டம் வருடக் கடைசியில் வரும். நவம்பரில் போய்க் கேட்டால் "அடுத்த வருசம் பார்ப்போம்" என்பார்கள். ஓகஸ்ட், செப்டம்பரிலேயே கேட்க வேண்டும்.

இப்போது கையில் இருப்பது சைக்கிள் நிறுத்துமிடம். வெள்ளவத்தை ஸ்ரேசன் வரை சைக்கிளில் போய் ரயில் எடுக்க விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள், சைக்கிளைப் பூட்டி வைக்க இடமில்லை. விளக்குக் கம்பத்தில் சங்கிலி போட்டால் மாலையில் சீற் மட்டும் காணாமல் போயிருக்கும், சில வேளை முன் சில்லு. பல ஃபிளாட்களில் கீழே வைக்கக் காவலாளி விடமாட்டார், லிஃப்டில் ஏற்ற நிர்வாகக் குழு விடாது. காவலாளியே சைக்கிளில்தான் வந்திருப்பார் என்பது வேறு கதை. ஹாட்வெயார் அண்ணா நிலத்தில் ஊன்றக்கூடிய வளைந்த குழாய் ஒன்றை மாதிரிக்குச் செய்திருக்கிறார். தலைகீழான ப வடிவம், சட்டத்தையும் சில்லையும் சேர்த்துப் பூட்டலாம், கடற்காற்றுக்கு நின்றுபிடிக்கக் கல்வனைஸ் செய்தது. முன் சில்லை மட்டும் செருகும் பழைய வகைத் தட்டி வேண்டாம், அதில் சில்லு வளையும், சட்டத்தைப் பூட்டவும் முடியாது. இரண்டு கார் நிற்கும் இடத்தில் பத்துச் சைக்கிள் தாராளமாக நிற்கும். நிலம் யாருடையது என்று ரீச்சரின் வரைபடத்தில் பார்த்துவிட்டோம். தமிழ்க் கடிதம் எழுதியாகிவிட்டது, ரீச்சர் சிங்களப் பிரதியை எழுதிக்கொண்டிருக்கிறார். அந்தப் பக்கத்தில் சைக்கிளைப் பூட்டி வைத்துவிட்டு ரயிலேறுகிறவர் யாராவது இதை வாசித்தால், ஒரு நாள் காலையில் எங்களோடு வந்து எண்ணி உதவுங்கள், கொப்பி தருவோம்.